கண் எழுதுகிறவளின் தலைவலி

1. ஒற்றைக் கண் கிருஷ்ணர்

கொலு ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அமலா ஒரு கிருஷ்ணருக்கு ஒரு கண்ணை மட்டும் எழுதிவிட்டு, பொம்மையைக் கீழே வைத்தாள். அப்படியே மேஜை மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். கிருஷ்ணரின் இன்னொரு கண் வெறும் வெள்ளையாக இருந்தது.

நான் அப்போது பெயிண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்கிற ஒரு சின்ன யூனிட் அது. மோல்டில் ஊற்றி எடுத்து, சூளையில் சுட்டு வருகிற வெள்ளைப் பொம்மைக்குக் கலர் கொடுப்பது எங்கள் வேலை. புடவைக்கு ஒருத்தி, பார்டருக்கு ஒருத்தி, நகைக்கு ஒருத்தி என்று பொம்மை கை மாறிக்கொண்டே போகும். கடைசியில் கண். கண் எழுதாத பொம்மை பெட்டிக்குள் போகாது. அந்தக் கண்ணை எழுத எங்களிடம் இருந்தது ஒரே ஆள், அமலா. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இருக்கிற இடம் தெரியாது. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"என்னாடி, சாப்புடலியா?" என்று அதட்டினேன். எனக்குக் கோபம் முதலில் வரும், அக்கறை பின்னால் வரும். சுபாவம் அப்படி. என் வீட்டுக்காரரிலிருந்து ஓனர் வரைக்கும் எல்லாரும் இதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

"சாப்ட்டேன்க்கா. தலை வலிக்குது. கொஞ்ச நேரத்துல எழுந்துடறேன்."

"நேத்தும் இதத்தான சொன்ன?"

"நேத்தும் வலிச்சிதுக்கா."

தலையைத் தூக்காமலே சொன்னாள். இரண்டு நெற்றிப்பொட்டையும் விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் டிபன் பையைத் துழாவி ஒரு மாத்திரையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, மிச்சக் கண்ணை எழுதினாள். கண் நேராகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இவ்வளவு வலியில் ஒருத்தி இப்படிக் கோடு போடுகிறாள் என்றால், இந்த வலி அவளுக்குப் புதுசில்லை என்று அர்த்தம்.

2. ஆளுக்கு ஒரு காரணம்

தலைவலிக்கு மட்டும் ஊரில் எல்லாரும் டாக்டர். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றாள் ஒருத்தி. கண் டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ் ஏறுவதுதான் காரணம் என்றாள் இன்னொருத்தி. எங்கள் செக்‌ஷன் பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றி, சூளை வாயில் போட்டார்கள். அமலா வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். இருந்தாலும் பேசாமல் உட்கார்ந்து சுற்றிக்கொண்டாள். நெடி வரவில்லை, எல்லாம் திருஷ்டிதான் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த நாளும் வலித்தது.

அவள் வீட்டுக்காரர் ஜோசப் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். வேப்பூருக்கும் இங்கேயும் லோடு அடிப்பார். ஒருநாள் வண்டியை கேட்டில் நிறுத்திவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"அக்கா, இந்த பெயிண்ட்டு வாசனதான். நான் அடிச்சி சொல்றேன். வேலைய விட்டு நிறுத்திடலாம்னு பாக்கறேன்."

"வாசனைன்னா எங்க எல்லாருக்கும் வலிக்கணுமில்ல?"

"உங்களுக்கெல்லாம் தாங்குது. அதுக்குத் தாங்கல. அது வலின்னு வாயத் தொறந்து சொல்லாதுக்கா. கண்ண மூடிக்கினு சோறாக்கிக்கினு நிக்கும். பாக்க முடியல."

நல்ல மனுஷன். வாசனை காரணமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஏன் வலிக்கிறது? அதைக் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டு, "ஆமா, சர்ச்சிலயும் தலையப் புடிச்சிக்கினுதான் உக்காந்திருக்குது" என்றார்.

பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்று டாக்டர் சொல்லி, மாத்திரை மாற்றிக் கொடுத்தார். செக்‌ஷனில் எல்லாருக்கும் நிம்மதி. நான் போய் அமலாவின் தோளைத் தட்டி, "பாத்தியா, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்றேன். அவள் முகத்தில் ஒரு தெளிவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சொன்னாள். "எங்கம்மாவுக்கும் ஒண்ணும் இல்லன்னுதான்க்கா சொன்னாங்க. வெறும் தலவலின்னாங்க. மாத்திர குடுத்தாங்க. ஒருநாள் நான் ஸ்கூலு விட்டு வந்தேன், வாசல்ல ஆளுங்க நின்னுக்கினு இருந்தாங்க. முப்பத்தெட்டு வயசு அதுக்கு."

"உனக்கு என்னா வயசு?"

"முப்பத்தேழு."

அவளே தொடர்ந்தாள். மகள் ஸ்டெல்லா ஏழாவது படிக்கிறாள். அவளுக்கு இப்போதே புளிக்குழம்பு வைக்க, சாதம் வடிக்க, யூனிஃபார்ம் துவைக்க எல்லாம் பழக்கிவிட்டாளாம். எது எந்த டப்பாவில் இருக்கிறது, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாளாம்.

"எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலக்கா. எங்கம்மா செத்த அன்னைக்கி உப்பு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியல. எம்பொண்ணு அப்படி நிக்கக் கூடாது."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் அழுதேன். தான் செத்துப்போனால் பிள்ளை தவிக்கக் கூடாதென்று ஒரு அம்மா சமையல் சொல்லிக்கொடுக்கிறாள், இதை நினைத்தால் யாருக்குத்தான் மனசு ஆறும்.

3. பல் டாக்டர்

அதன் பிறகு கொஞ்ச நாளில் அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சில்லாக உடைந்தது. கல்லைக் கடித்தாயா என்றால் இல்லை, இட்லிதான் சாப்பிட்டேன் என்கிறாள். கன்னம் வீங்கிவிட்டது. ஜோசப் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்ததால், ஓனரிடம் பர்மிஷன் சொல்லிவிட்டு நான்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண். ஜங்ஷன் ரோட்டில் புதுசாகக் கிளினிக் வைத்திருந்தது.

"வாய நல்லா தொறங்கம்மா."

அமலா திறந்தாள்.

"இன்னும் தொறங்க."

"அவ்ளோதாங்க வருது."

இரண்டு விரல்தான் உள்ளே போனது. எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டது. "தெரியலீங்க. சோத்தச் சின்னச் சின்ன உருண்டையாத்தான் சாப்புடுவேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிற எனக்கே அது தெரியாது. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, காதுக்கு முன்னால், கன்னம் தொடங்குகிற இடத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தியது. அப்புறம் நெற்றிப்பொட்டில் அழுத்தியது. அமலாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"இதாங்க. இதே வலிதான். இதான் எனக்கு வர்ற தலைவலி."

டாக்டர் விளக்கமாகச் சொன்னது. தாடையை அசைக்கிற தசை நெற்றிப்பொட்டு வரைக்கும் வருகிறதாம். எதையாவது ரொம்ப நேரம் கடித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தசை இறுகிப்போய், வலி தலையில் தெரியுமாம். கடிக்காத நாளிலும் அந்த இறுக்கம் விடாதாம். பல் உடைந்ததும் அதனால்தான் இருக்குமாம். "பாக்கு, புகையில ஏதாவது போடுவீங்களா?" என்று கேட்டதும் அமலாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க."

"தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா? வீட்டுக்காரரக் கேளுங்க. எதையோ கடிக்கிறீங்கம்மா. அது என்னான்னு கண்டுபுடிச்சி நிறுத்திப் பாருங்க. தலைவலி குறையலாம்."

குறையும் என்று சொல்லவில்லை, குறையலாம் என்றுதான் சொன்னது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அமலாவுக்குப் போதவில்லை. ஜோசப் அடுத்த சில ராத்திரி தூங்காமல் பக்கத்தில் படுத்துக்கொண்டு கவனித்திருக்கிறார். வண்டியை கேட்டில் நிறுத்திவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "ஒரு சத்தமும் இல்லக்கா. கொழந்த மாதிரி தூங்குது."

அவர் பின்னால் நின்ற அமலா, "அப்ப அது இல்லக்கா. எனக்கு எங்கம்மாவுக்கு வந்ததுதான்" என்றாள். ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

4. எதைடி கடிக்கிற

அன்று பதினொரு மணி டீ வந்தது. நான் என் கிளாஸை எடுத்துக்கொண்டு அமலா எதிரில் போய் நின்றேன். ஆற்றாமைதான். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன்.

"அமலா, நெஜத்தச் சொல்லு. எதைடி கடிக்கிற நீ?"

அவள் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒண்ணும் கடிக்கலக்கா" என்றாள்.

உதடு அசையாமல், பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது பேச்சு. நான் அவள் வாயைப் பார்த்தேன். வாயில் குறுக்காக ஒரு பிரஷ் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண் எழுதுவதற்கு இரண்டு பிரஷ் வேண்டும், வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. இடது கையில் பொம்மை, வலது கையில் ஒரு பிரஷ். இன்னொன்றை எங்கே வைப்பது? மேஜையில் வைத்தால் உருண்டு ஓடும், முனையில் தூசி ஒட்டும், முடி வளைந்துவிடும். அதனால் பல்லில் குறுக்காக வைத்துக்கொள்வோம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. புதுசாக வருகிற பெண் சொல்லாமலே பிரஷ்ஷை வாயில் வைக்க ஆரம்பித்துவிட்டால், "வேலை கத்துக்கிச்சிடி" என்று நாங்களே பேசிக்கொள்வோம். மற்றவர்கள் கலர் மாற்றும்போது கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிடுவார்கள். அமலா காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கண் மட்டும்தான் எழுதுகிறாள். வாய் காலியாக இருக்கிற நேரமே கிடையாது. அதுவும் மெல்லிய கோடு போடும்போது இன்னும் அழுத்திக் கடிப்பாள்.

"உன் வாயில என்னாடி அது?"

"பிரஷ்ஷுக்கா."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். கையைக் கொண்டுபோய் வாயிலிருந்த பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தாள். கட்டை முழுக்கப் பல்லுத் தடம். ஒரு இடத்தில் பாதி வரைக்கும் கடிபட்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தால் வரிசையில் இருந்த எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் வாயில் ஒரு பிரஷ்ஷோடு. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். அமலா மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணுக்கு மாத்துனப்பறம்தான்க்கா வலி வந்துது" என்றாள். "பார்டர் போட்டப்ப இல்ல."

எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். நான் தினமும் எதிரில் நின்று பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போகும்போது அவள் வாயில் பிரஷ் இல்லை, அதனால் டாக்டருக்குத் தெரிய வழியில்லை. நாங்கள் பார்க்கும்போதெல்லாம் பிரஷ் இருந்ததால் கண்ணில் படவில்லை.

5. பேசுடி

காரணம் கிடைத்துவிட்டது என்று நான் குதித்தேன். வேலை அங்கேதான் ஆரம்பித்தது. பிரஷ்ஷை எடுத்துவிட்டதும் அமலாவுக்குக் கண் எழுத வரவில்லை. பல்லில் பிடிப்பு இல்லாமல் கையில் பிடிப்பு வரவில்லை அவளுக்கு. முதல் நாள் எழுதின பொம்மைகளை ஓனர் வந்து பார்த்தார்.

"சரோஜாம்மா, இந்தக் கிருஷ்ணரு என்னா, ஒரு கண்ணால கடலூரையும் ஒரு கண்ணால சேலத்தையும் பாக்குறாரு?"

"ரெண்டு நாளுல சரியாயிடும் சார்."

"சீசன் நேரம். அந்தம்மாவ அகல் வெளக்குக்கு மாத்திட்டு வேற ஆளப் பாருங்க."

அவர் போனதும் அமலா சத்தமில்லாமல் பிரஷ்ஷை எடுத்துத் திரும்பப் பல்லில் வைத்தாள். நான் பிடுங்கினேன்.

"வுடுங்கக்கா. சீசன் முடியட்டும். வலி எனக்குப் பழகிடுச்சி."

"உனக்குப் பழகிடும். உம்பொண்ணுக்கு? தலவலி போனாத்தான இது உங்கம்மாவுக்கு வந்தது இல்லன்னு நீ நம்புவ? வலி போறவரைக்கும் அந்தப் புள்ளையப் புளிக்கொழம்பு வெக்கச் சொல்லிக்கினே இருப்ப. அது ஏழாவது படிக்கிற புள்ளைடி."

கத்திவிட்டேன். செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. அமலா கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோல்டில் ஊற்றுகிற காஸ்டிங் பக்கம் போய் ஒரு கைப்பிடிக் களிமண் பிசைந்து கொண்டுவந்து அவள் மேஜையில் அப்பினேன். அதில் பிரஷ்ஷைக் கட்டைப் பக்கமாகக் குத்தி நிறுத்தினேன். முனை மேலே பார்த்தபடி நின்றது. செராமிக் கம்பெனியில் களிமண்ணுக்கா பஞ்சம்? இத்தனை வருஷம் இது யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் வாய் காலியாக இருந்தாலும் அவள் வெறும் பல்லையே கடித்தாள். கன்னத்தில் அந்த இடம் புடைத்துப் புடைத்து அடங்குவது எனக்கே தெரிந்தது. பல்லைக் கடிக்காமல் இருக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. பேசுகிறவளால் கடிக்க முடியாது.

கண் எழுதுகிற மேஜைப் பக்கம் பேசக் கூடாது என்பது எங்கள் யூனிட்டில் முன்னாலிருந்தே இருந்த கட்டுப்பாடு. ஓனரிடம் போய்ச் சொன்னேன். "சார், கொஞ்ச நாளைக்கி அவ பேசிக்கினே எழுதட்டும். பொம்ம கெட்டா என்னக் கேளுங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க வாய மூடச் சொல்லித்தான் நான் பாத்திருக்கேன், பேசச் சொல்லிப் பாத்ததில்ல. சரி, உங்க பொறுப்பு" என்றார்.

பேசு என்றால் அமலாவுக்குப் பேச வரவில்லை.

"என்னாக்கா பேசறது?"

"என்னா கொழம்பு வெச்ச, அதச் சொல்லு."

"காரக்கொழம்பு."

அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து, "கத்திரிக்கா போட்டு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினார்கள். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஸ்டெல்லா என்ன மார்க் வாங்கினாள், ஜோசப் வண்டியில் என்ன லோடு என்று நாங்கள் மாற்றி மாற்றிக் கேட்டோம். போலீஸ் விசாரணை தோற்றது. ஒரு வாரம் போல இப்படி ஓட்டினோம். அகல் விளக்குக்கு மாற்றுகிற பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓனரும் விட்டுவிட்டார். கிருஷ்ணர் ஒரே பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அப்புறம் ஒருநாள் யாரும் கேட்காமலே அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அம்மா ஈரத்துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்குமாம். இவள் பின்னால் நின்று தலையை அமுக்கிவிடுவாளாம். "நல்லா அமுக்குடி, எம் பட்டு கையில மருந்து இருக்குது" என்று அம்மா சொல்லுமாம். செத்த அன்றைக்குக் காலையில் ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று அமுக்காமல் ஓடிவிட்டாளாம். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லையாம், ஜோசப்பிடம் கூட.

சொல்லிக்கொண்டே ஒரு லட்சுமிக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை. வரிசையில் இருந்த எல்லாரும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தோம். "உன்னால இல்லடி அது" என்று நான் சொன்னேன். "தெரியும்க்கா, இருந்தாலும்" என்றாள்.

வலி ஒரே நாளில் போகவில்லை. டாக்டர் சொன்னபடி ஒத்தடம் கொடுத்தாள், உடைந்த பல்லைச் சரிசெய்துகொண்டாள். வாரம் முழுக்க இருந்தது பாதியானது. சீசன் முடிகிற சமயம், ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வெண்டைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றாள்.

"அக்கா. இன்னைக்கி தலை வலிக்கல. நேத்தும் வலிக்கல. நான் மறந்தே போயிட்டேன்."

வெண்டைக்காய்க்காரி இவள் ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் கொசுறாக இரண்டு சேர்த்துப் போட்டாள்.

6. வேலைக்கு வருகிற பெண்களுக்கு

நான் போன வருஷம் வேலையை விட்டு நின்றுவிட்டேன். இப்போது எங்கள் பழைய செக்‌ஷனில் எல்லார் மேஜையிலும் ஒரு களிமண் உருண்டை இருக்கிறது. காய்ந்துபோனால் தண்ணீர் தெளித்துக்கொள்வார்கள். அமலாவைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் இப்போது கஷ்டமாம், புது சூப்பர்வைசர் என்னிடம் வந்து புலம்புகிறாள்.

தலைவலி என்றால் எல்லாம் பிரஷ்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்கேன் எடுத்தது தப்பில்லை, அதையும் பார்க்கத்தான் வேண்டும். நான் சொல்வது இதுதான்: டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நாள் முழுக்க கை என்ன செய்கிறது, வாய் என்ன செய்கிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள். உங்களுக்கே தெரியவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவளைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை என்று பழகிவிட்டால் நம் உடம்பு செய்வது நமக்கே தெரியாது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அமலா என் வீட்டுக்கு வந்தாள். டீ போடக்கூட விடவில்லை. என் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து, வகிட்டுப் பக்கம் முடியை விலக்கிக் காட்டினாள்.

"இங்க பாருங்கக்கா."

ஒரு நரைமுடி. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? டை அடிச்சிக்கினா தெரியாதுடி" என்றேன்.

"அடிக்க மாட்டேன்க்கா" என்றாள். "எங்கம்மாவுக்கு நரைக்கவே இல்ல. நரைக்கிற வயசுக்கு அது வரல."

நான் எழுந்து லைட்டைப் போட்டேன். அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். காதுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.